அப்பா பூசைக்கு வராத மூன்று ஞாயிறுகள்

நான் பிறந்த 1966-ஆம் வருஷம் ரோமாபுரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. வெள்ளிக்கிழமை மாம்சம் ஒதுக்கும் வழக்கத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அந்தந்த நாட்டு ஆயர்களே முடிவு செய்துகொள்ளலாம் என ஆறாம் பவுல் பாப்பரசர் பிப்ரவரியில் சொல்லிவிட்டார். கத்தோலிக்கர்கள் படிக்கக் கூடாத புத்தகங்கள் என்று நானூறு வருஷமாக ஒரு பட்டியல் இருந்ததே, அதற்கு இனிச் சட்ட வலு கிடையாது என்று ஜூனில் அறிவித்தார்கள். இரண்டு செய்தியும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலே 1979-இல்தான் வந்தது. ரோமாபுரி அதைவிடத் தூரம்.

ஆகவே எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். தவக்காலம் வந்தால் ஒருசந்தியும் சேர்ந்துகொள்ளும். மாம்சத்துக்குத்தான் விலக்கு, மீனுக்கு இல்லை என்பதால் பழவேற்காட்டு நண்டும் இறாலும் வெள்ளிக்கிழமைதான் வீடு தேடி வந்தன. எங்கள் தவ நாட்கள் எங்களைவிடக் கூடைக்கார அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். புத்தகப் பட்டியலும் இருந்தது. ரோமாபுரிப் பட்டியலில் வோல்டேரும் சார்த்தரும். அம்மாவின் பட்டியலில் குமுதமும் ஜெயகாந்தனும். அம்மா ஜெயகாந்தனைப் படித்ததில்லை. தடை செய்ததே படிக்காமல் இருப்பதற்குத்தானே.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், பங்கின் பெயரும் வேண்டாம்; இந்தக் கதையில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் பூசைக்குப் போகிறார்கள். அப்போது திருவள்ளூர் என்று ஒரு மாவட்டமே கிடையாது. 1997 வரை நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடி, அதைத் தாண்டினால் ஆந்திரம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். சிப்காட் வந்தபின் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் வந்தன. அப்பா ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவது வேலை. அதையே வீட்டிலும் செய்தார். மாலை ஏழு மணி ஜெபமாலைக்கு யார் தாமதம், மூன்றாவது தேவ ரகசியத்தில் யார் தூங்கி விழுந்தது எல்லாவற்றுக்கும் அவர் மனதில் ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. அவருடைய சொந்தக் கணக்கில் ஒரு கறை கிடையாது. காய்ச்சல், மழை, நைட் ஷிப்ட் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் தவறியதாக ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ.வைச் சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் கல்லூரியில் முடித்தேன். அது வீட்டின் இன்னொரு அறை, அவ்வளவுதான். 1986-இல் எம்.ஏ. வரலாற்றுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோதுதான் வீடு கலங்கியது. சேப்பாக்கம் என்றால் அப்பாவின் மனதில் நாத்திகர்கள், கம்யூனிஸ்டுகள், கூடவே உட்காரும் ஆண்பிள்ளைகள். எதிரே கடற்கரை வேறு. பங்குச் சாமியார் வந்து பேசினார். கடைசியில் அப்பா இரண்டு நிபந்தனை போட்டார். சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில்தான் தங்க வேண்டும். கத்தோலிக்க மாணவர் சங்கத்தில் சேர வேண்டும். இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டுவிட்ட நிம்மதியில் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ரயிலில் ஏற்றினார். பொன்னேரி தாண்டும்போது எனக்கு ஒரே யோசனை. இனிமேல் கெட்டுப்போவது எப்படி என்று பார்க்க வேண்டும்.

கெட்டுப்போவது அவ்வளவு சுலபமில்லை. சேப்பாக்கத்தில் என்னைக் கெடுக்க யாருக்கும் நேரமில்லை. நாத்திகப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கடவுள் இல்லை என்று வகுப்பில் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. அட்டெண்டன்ஸ் பற்றித்தான் பேசினார். கம்யூனிஸ்ட் மாணவர்கள் தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்து, "சிஸ்டர்" என்று கூப்பிட்டு, நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆக, பாவங்களை நானேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் வெள்ளிக்கிழமை. மவுண்ட் ரோடு புஹாரியில் தோழிகளோடு உட்கார்ந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். இடி விழவில்லை. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் மிகுந்த மனஸ்தாபத்தோடு, கொஞ்சம் பெருமையும் கலந்து, அதைச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் சலிப்போடு, "அது 1966-லேயே தளந்து போச்சும்மா. வேற ஏதாவது இருக்கா?" என்றார். இருபது வயதில் நான் செய்த மாபெரும் கலகம் என் வயதளவுக்குப் பழையதாகிவிட்டது என்று அப்படித்தான் தெரியவந்தது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவிர்ப்பது. விடுதியில் எல்லோரும் கிளம்பியபின் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சென்னையில் பூசையைத் தவிரப் போக ஓர் இடமும் கிடையாது என்று அப்போது எனக்குத் தெரியாது. கடை திறக்கவில்லை, நூலகம் திறக்கவில்லை, மேட்னி மூன்று மணிக்கு. சும்மா இருக்கவே முடியாமல் சாயந்திரப் பூசைக்குப் போய்விட்டேன்.

விடுதித் தலைவிச் சிஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாலை ஆறரைக்குக் கேட் பூட்டு. வெளியே போக அவுட்பாஸ் நோட்டு. வருகிற கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனபோது அவர் மேசையில் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் இன்னொரு புத்தகம். பாதி அட்டைதான் தெரிந்தது. அம்மாவின் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பெயர். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கையெழுத்துப் போட்டபடியே, "படிச்சதில்லையா? வியாழக்கிழமை தரேன்" என்றார். ஜெயகாந்தனை நான் படித்தது ஒரு கன்னியாஸ்திரீயின் தயவில். முதல் பூட்டு இப்படித் திறந்தது.

வரலாறு படிக்கப் போனதால் ஊரும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழவேற்காடு மகிமை மாதா கோயிலுக்குக் கோடைத் திருவிழாவின்போது வருஷா வருஷம் பொன்னேரியில் பஸ் மாறிப் போவோம். போர்த்துகீசியர்கள் தொடங்கிய கோயில். 1515 என்று சொல்வார்கள். உப்புக் காற்று, தேர், மெழுகுவர்த்தி, திரும்பி வரும்போது கருவாடு. எனக்குப் பழவேற்காடு என்றால் இவ்வளவுதான். சேப்பாக்கம் நூலகத்தில் அதே ஊர் வேறு முகத்தோடு உட்கார்ந்திருந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்கு விலைபோன நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள். நாங்கள் வறுகடலை தின்றபடி கடந்துபோன புதர்மேடு அந்தக் கோட்டைதான். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் இதைச் சொல்லி, கிறிஸ்தவர்கள் செய்த காரியத்தைப் பார் என்றேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தக்கூட இல்லை.

"அவன் பதிதன்டி. நம்ம ஆளா?"

டச்சுக்காரன் புரோட்டஸ்டன்ட், ஆகவே அந்தப் பாவம் வேறு கணக்கில். அடுத்த அத்தியாயத்தில் நம் ஆளான போர்த்துகீசியனும் வங்காளக் கரையோரம் இதே வியாபாரம் செய்தது வருகிறது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அரிசியில் கல் நிறைய இருந்தது.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையை என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தவறவிட்டதும் பல்கலைக்கழகக் காலத்தில்தான். அதில் என் கலகம் ஒன்றுமில்லை, எம்.ஜி.ஆர். காரணம். 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் அவர் இறந்தார். விடுதி விடுமுறைக்கு மூடியிருந்ததால் முந்தின நாள் குறிப்பு எழுதத் திருவல்லிக்கேணியில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடிப்பதாக ஏற்பாடு. வண்டி ஓடவில்லை, பஸ் ஓடவில்லை. கடைகள் அடைத்துக் கிடந்தன. மவுண்ட் ரோட்டில் கருணாநிதி சிலையை உடைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ராஜாஜி ஹாலை நோக்கி ஜனம் அழுதுகொண்டே தெருத் தெருவாய்ப் போனது. மறுநாள், இயேசு பிறந்த நாளில், எங்கள் வகுப்பறைக்கு எதிர்ப்புறக் கடற்கரையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

தோழியின் குடும்பம் ஐயங்கார்க் குடும்பம். மார்கழி மாதம். பாட்டி விடியலில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பெருமாளுக்கு நைவேத்தியம் செய்து, ஒரு தொன்னை நிறைய என்னிடம் நீட்டினாள். "இன்னிக்கு உங்க ஸ்வாமி பொறந்த நாளோன்னோ? வெறும் வயித்தோட இருக்கப்படாது, சாப்பிடு கொழந்தே" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. பக்தியால் இல்லை, ஞானோபதேசத்தால். விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாகாது என்று எட்டு வயதில் மனப்பாடம் செய்தவள் நான். ஒருபுறம் பெருமாள், ஒருபுறம் குழந்தை இயேசு, நடுவில் நெய் சொட்டும் தொன்னை. சாப்பிட்டேன். ஊர் திரும்பியதும் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, கொரிந்தியருக்குப் புனித பவுல் இந்த விஷயத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டார், விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்தவனுக்கு அந்தச் சோறும் வெறும் சோறுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முந்திரி நெறைய போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

எங்கே இடித்தாலும் சுவர் தானாகவே வழிவிட்டது. இவ்வளவு இளக்கமான மதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படி இவ்வளவு கெட்டியாக வளர்த்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். இரண்டாவது பூட்டு திறந்தபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது.

அப்பா சேரச் சொன்ன சங்கம் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு. ஐக்கஃப் என்பார்கள். 1924-இலிருந்து இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் அதன் இல்லம். பெயரில் 'கத்தோலிக்க' இருந்தது, நடத்துகிறவர்கள் இயேசு சபைச் சாமியார்கள். அப்பாவுக்கு அதற்குமேல் விசாரிக்கத் தோன்றவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதே சங்கம் பூந்தமல்லியில் கூடி, நாம் வாழ்வது அநீதியான சமூகம், அந்த அநீதியில் நமக்கும் பங்கு உண்டு என்று பிரகடனம் செய்தது அவருக்குத் தெரியாது. பூந்தமல்லி என்றால் அவருக்குக் குருமடம். சாமியாருக்குப் படிக்கும் பையன்கள் வெள்ளை அங்கியில் வரிசையாகப் போகும் இடம். அந்தச் சங்கத்துக்கு முன்பு வழிகாட்டியாக இருந்த பியேர் செராக் என்ற பிரெஞ்சுச் சாமியாரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் சேர்ந்தபோது அவர் தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளோடு இருந்தார். இங்கிருந்த சாமியார்கள் அங்கி போடாமல் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக வந்தார்கள். ஜெபத்தோடு தொடங்கி, கூலி, நிலம், சாதி என்று போய், நள்ளிரவு வரை வாதாடி, மறுபடி ஜெபத்தோடு முடிப்பார்கள். 'சமூகப் பகுப்பாய்வு' என்ற சொல்லை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சொல்ல முடியுமோ அத்தனை முறை சொல்வார்கள். அப்பா பயந்த நாத்திகர்கள் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகளை இவர்கள் கேட்டார்கள்.

ஒரு கோடையில் முகாம். தொழிற்பேட்டைப் பக்கம் போய் மக்களோடு தங்கி, அவர்கள் வாழ்க்கையைப் பார்த்து, ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஜி.என்.டி. ரோட்டில் வேன் போய்க்கொண்டே இருந்தது. செங்குன்றம், காரனோடை, கவரப்பேட்டை. என் வயிற்றில் என்னவோ செய்தது. சிப்காட் புகைக்கூண்டுகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் எல்லைக்கே வந்து, எங்கள் தெருவுக்குத் திரும்பாமல், காலனிக்குத் திரும்பியது.

எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து அந்தக் காலனி கூப்பிடு தூரம். அங்கிருந்துதான் மில்லுக்கு காண்ட்ராக்ட் ஆட்கள் போவார்கள். எங்கள் பங்கு ஜனங்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவர்களோடு பூசை பார்த்திருக்கிறேன். காலனிக்குள் கால் வைத்ததில்லை. வைக்காதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி எல்லாம் அமைந்திருந்தது. இப்போது ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மெட்ராஸிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரியாக, அவர்கள் திண்ணையில் உட்கார்ந்தேன்.

எங்கள் குழுவின் தலைவர் செங்கல்பட்டுப் பக்கத்துப் பையன். படிவத்தில் ஒவ்வொரு கேள்வியாக அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். தினக்கூலி எவ்வளவு? பி.எஃப். பிடிக்கிறார்களா? ஃபர்னஸில் கை வெந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தருவது? அப்படியே போய், "ஊரில் கிறிஸ்தவக் கல்லறை எத்தனை?" என்று கேட்டார். நான் பதிலுக்குக் காத்திராமல் 'ஒன்று' என்று எழுதிக்கொண்டே, "ஒண்ணுதான், எனக்குத் தெரியும்" என்றேன்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்தாள். "ரெண்டும்மா. நீ டைம் ஆபீஸ்காரர் பொண்ணுதானே? ஒங்களுது ரோட்டோரம். எங்களுது பின்னாடி, ஓடைகிட்ட. நடுவுல செவுரு கீதே, பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அந்தச் சுவரில் சாய்ந்து நிலக்கடலை தின்றிருக்கிறேன். அது கல்லறையின் முடிவு என்று நினைத்திருந்தேன். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதுதான் எனக்குத் தெரிந்த பிரிவு. முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று இருந்ததையும் படிவத்தை நிரப்பும்போதுதான் யோசித்தேன். அந்தப் பையன் என் பதிலை அடித்துவிட்டு '2' என்று எழுதினார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஊரிலும் இரண்டுதான் என்று பின்னால் சொன்னார்.

அவரைத்தான் 1990-இல் கல்யாணம் செய்துகொண்டேன்.

பெண் பல்கலைக்கழகம் போய் யாரையாவது இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்பது அப்பாவின் பயம். இந்துப் பையனாக இருந்தால் சாந்தோமில் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். சாமி வேண்டாம் என்கிறவனாக இருந்தால் 1954-ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி சார்பதிவாளர் ஆபீஸ் பலகையில் முப்பது நாள் நோட்டீஸ் தொங்க வேண்டும். நான் கொண்டுவந்தது ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் முடித்த பையன். பூசைக்கு உதவி செய்தவர், பைபிளை அப்பாவைவிட அதிகம் படித்தவர், அப்பாவே சேரச் சொன்ன சங்கத்தில் கிடைத்தவர். இதையெல்லாம் நான் வரிசையாகச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன ஆளுங்க?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நமக்குச் சாதி இல்லை, நாம் வேதக்காரர்கள் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950-ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குத் தாலுகா ஆபீஸில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஞானஸ்நானம் வாங்கிய அன்றே சாதி போய்விட்டது என்று சர்க்கார் நம்பியது. அப்பா நம்பவில்லை.

பங்குச் சாமியாருக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை. இருவரும் கத்தோலிக்கர், உறவு முறைத் தடை இல்லை, வார்த்தைப்பாடு எதுவும் இல்லை. ஓலை வாசித்துவிடலாம் என்றார். இதைவிட வேடிக்கை, அண்ணன் கல்யாணம். அண்ணன் சொந்த மாமன் மகளைக் கட்டினான். திருச்சபைச் சட்டத்தில் அதற்குத் தடை உண்டு. அப்பா பஸ் பஸ்ஸாக ஏறிச் சாந்தோமுக்கு அலைந்து, விலக்கு வாங்கி, மேளம் வைத்து அந்தக் கல்யாணத்தை நடத்தினார். சபை கூடாதென்றதற்கு அனுமதி வாங்கிவந்த மனிதர், சபை கூடும் என்றதற்குப் படியிறங்கவில்லை.

ஓலை வாசிப்பது மூன்று ஞாயிறு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்கு குருவிடம் தெரிவிக்கவும் என்று பூசை முடிவில் படிப்பார்கள். அப்பாவுக்குத் தடை தெரியும். ஆனால் அது திருச்சபையின் பட்டியலில் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து கேட்கும். ஆகவே அவர் அந்த மூன்று ஞாயிறும் பூசைக்கு வரவில்லை. பல்கலைக்கழகம் போன பெண் பூசையை விட்டுவிடுவாள் என்று பயந்த வீட்டில் பூசையை விட்டது அவர்தான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வழக்கமான நேரத்துக்குத் தயாராகி, திண்ணையில் தினத்தந்தியை விரித்து உட்கார்ந்துவிட்டார். கோயில் மணி அடித்தபோது பக்கத்தைத் திருப்பினார். அம்மா போனாள், போய்க் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். திரும்பி வந்து முக்காட்டை எடுத்து மடித்தபடி, யாரிடம் என்றில்லாமல் அறிவித்தாள்.

"படிச்சிட்டாங்க. ஒருத்தரும் எந்திரிக்கல."

மூன்று வாரமும் இதே அறிவிப்பு. மூன்றாவது வாரம் குரல் கொஞ்சம் கூடியிருந்தது என்று எனக்கு ஞாபகம். அந்த மூன்று ஞாயிற்றையும் அப்பா பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்பது சாமியாருக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம். கல்யாணத்தன்று வந்தார். தாமதமாக வந்ததால் இடமில்லை. பின்பக்கம் நின்றார்.

இரண்டு வருஷம் கழித்துப் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்த ஒரு தலித் கத்தோலிக்கப் பெண்ணின் வாழ்க்கை. வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஆய்வு மையம். பூட்டைத் திறப்பது மறுபடியும் சாமியார்கள்தான். நான் ஒரே இரவில் படித்துவிட்டு, விடியற்காலையில் வீட்டுக்காரரை எழுப்பி, இதைப் படித்தீர்களா, இப்படியெல்லாமா நடந்தது என்று கேட்டேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உனக்கு இதெல்லாம் புதுசா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது. அப்பா ரோட்டோரக் கல்லறையில் இருக்கிறார். நடுவிலிருந்த சுவரின் பெரும்பகுதி 2015 மழையில் விழுந்துவிட்டது. கோயில் கமிட்டியில் யாரும் திரும்பக் கட்டச் சொல்லவில்லை; முழுதாக இடிக்கவும் சொல்லவில்லை. சிப்காட் பக்கம் பாதி டீக்கடைகளில் இந்திப் பலகை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளில் கத்தோலிக்கர் நிறைய. மாதம் ஒருமுறை எங்கள் கோயிலில் இந்திப் பூசை நடக்கிறது. ஒராவோன் பெண்கள் கூட்டமாக, பூசை தொடங்குவதற்கு அரை மணி முன்பே வந்து, யாருக்கு எந்த இடம் என்று தெரியாததால் நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நூறு வருஷ ஏற்பாடு ஒன்று மொழி தெரியாத காரணத்தால் போயிற்று. முன்வரிசைப் பெரியவர்கள் இந்தியில் எப்படி எழுப்புவது என்று தெரியாமல் பின்னால் நிற்கிறார்கள்.

அம்மாவுக்கு எண்பத்தாறு. மாதா டிவியில் காலைப் பூசை, ஃபோனில் வேளாங்கண்ணிப் பூசை, சாயந்திரம் ஜெபமாலை. ஒரு நாளைக்கு எத்தனை பூசை கணக்கில் வரும் என்று சாமியாரைக் கேட்டுவரச் சொல்கிறாள். ஜெயகாந்தனையும் படித்துவிட்டாள். "இதுக்கா பயந்தோம்" என்றாள்.

அண்ணன் மகள் பொறியியல் கடைசி வருஷம். அவளை யாரும் ஜெபமாலைக்குக் கூப்பிட்டதில்லை. அண்ணன் அப்பாவைப்போல இல்லை, மிகவும் தாராளம். கட்டுப்பாட்டையெல்லாம் பணம் கட்டிக் கல்லூரியிடம் ஒப்படைத்துவிட்டான். அங்கே எந்த மதமும் இல்லை. ஆனால் பஸ்ஸில் பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால். மாடிப்படி தனித்தனி. துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின். கேண்டீனில் ஒரு பையனிடம் பேனா வாங்கினால் அன்று மாலையே வீட்டுக்கு ஃபோன். நான் விடுதிக் கதை சொல்லி, அது ஒரு ஜெயில் என்றபோது அவள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"அத்தை, சாயந்திரம் பீச்சுக்கு விட்டாங்களா?"

"ஆறரைக்குள்ள வரணும்."

"தனியாவா விட்டாங்க?"

"தனியாத்தான்."

"இதையா ஜெயில்ங்கறீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு வரன் பார்ப்பதும் தொடங்கிவிட்டது. அண்ணன் கல்யாண ஆப்பில் பதிவு செய்திருக்கிறான். 'ஆர்.சி.' என்று ஒரு பெட்டி, அதைத் தொட்டால் அதற்குக் கீழே இன்னொரு பெட்டி திறக்கிறது. என்ன ஆளுங்க என்று அப்பா வாயால் கேட்டதை அது ஓசையில்லாமல் கேட்கிறது. வருஷச் சந்தா வேறு. ஒன்றும் அமையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம், இறால் தொக்கும் சோறுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அம்மா பேத்தியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் காலத்துல உங்க அத்தை ஒரு சங்கத்துல சேந்தாளே, ஐக்கஃபோ என்னமோ. நீயும் அதுல சேந்துக்கயேன்டி. நல்ல பையனா கெடச்சான். தரகுகூட கெடையாது."

அண்ணனுக்குப் புரை ஏறியது. நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

"ஆயா, எங்க காலேஜ்ல பசங்ககிட்ட பேசினாலே ஃபைன்."

"எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள்.